சின்ன மலைகள் – 11: புழுதி போர்த்திய எரிமலை

சென்ற வாரம் பிரான்சின் வோஜ் மலை விளிம்பில் நின்று கிழக்கே பார்த்தோம். கீழே ரைன் சமவெளி. அதற்கு அப்பால், ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைகள். இரண்டுக்கும் நடுவே, எந்தத் தொடரோடும் ஒட்டாமல் தனியாக ஒரு மேடு தெரிந்ததல்லவா? இந்த வாரம் அதன் மேல் நடக்கிறோம்.

அதன் பெயர் கைசர்ஸ்டூல். ஃப்ரைபுர்க் நகரத்துக்கு வடமேற்கே, ரயிலில் அரை மணிச் சொச்சத்தில் அடிவாரம் வந்துவிடும். நீளம் சுமார் 15 கிலோமீட்டர், மிக உயர்ந்த உச்சியான டோட்டன்கோப் 557 மீட்டர். சுற்றிலும் இருப்பவை பெரிய மலைகள்: பிளாக் ஃபாரஸ்டின் ஃபெல்ட்பெர்க் 1,493 மீட்டர், வோஜின் கிரான் பலோன் 1,424 மீட்டர். ஐரோப்பாவுக்கு மலையேறப் போகிறவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் கணக்கில் அது பெரிய இழப்பு. ஃபெல்ட்பெர்க் உச்சியிலிருந்து பார்த்தால் ஊர்கள் வெறும் புள்ளிகள். இங்கே 500 மீட்டரில் நின்றால் திராட்சை வரிசைகளை எண்ணலாம், எந்தத் தோட்டத்தில் வண்டி நிற்கிறது என்று சொல்லலாம். மனிதர்கள் ஒரு மலையை என்னென்ன செய்தார்கள், மலை அவர்களை என்ன செய்தது என்று அறிய இந்த உயரம்தான் சரியான உயரம்.

வடக்கே எண்டிங்கன், தெற்கே ஈரிங்கன் என்று இரண்டு சிற்றூர்கள். இரண்டிலும் ரயில் நிலையம் உண்டு. நடுவே மலையைக் கடந்து போகும் கைசர்ஸ்டூல் நடைபாதை ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நல்ல நடைக்காரர்களுக்கு ஒரு பகல் போதும். பார்க்க வேண்டிய உச்சிகள் எல்லாம் இந்த வழியிலோ, வழிக்குச் சற்று விலகியோ இருக்கின்றன.

எண்டிங்கனிலிருந்து ஏறினால் முதலில் வருவது கதரீனன்பெர்க், 492 மீட்டர். உச்சியில் புனித கேத்தரீனுக்கு ஒரு சிறிய கோயில். அங்கிருந்து வடமேற்கே பார்த்தால் ரைன் ஆற்றங்கரையோரம் அடர்ந்த காடு ஒன்று பச்சைப் பட்டையாகப் படுத்திருக்கும். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அதன் வரலாறு.

அந்தக் காடு வீல் என்ற கிராமத்துக்குச் சொந்தமானது. 1973-ல் அங்கே ஓர் அணுமின் நிலையம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். மலையின் திராட்சை விவசாயிகளுக்குக் கதிர்வீச்சைப் பற்றிய பயம் இருந்தது. அதோடு தொழில் சார்ந்த இன்னொரு கவலையும் இருந்தது. குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி மூடுபனியாகத் தேங்கினால் வெயில் குறையும், ஈரம் கூடும், குலையில் பூஞ்சை பிடிக்கும். 1975 பிப்ரவரி 17-ல் வேலை தொடங்கியது. மறுநாளே ஊர்ப் பெண்களும் விவசாயிகளும் போய் இயந்திரங்களின் முன்னால் நின்றார்கள். இருபதாம் தேதி போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி அவர்களை அப்புறப்படுத்தியது. இருபத்து மூன்றாம் தேதி ஏறக்குறைய 28,000 பேர் திரண்டார்கள். ரைனுக்கு அக்கரையிலிருந்து பிரெஞ்சுக்காரர்களும் வந்தார்கள். வேலி விழுந்தது, நிலம் மீண்டும் மக்கள் கைக்கு வந்தது. மாதக்கணக்கில் அங்கேயே குடில் போட்டுத் தங்கினார்கள்; மாலைகளில் வகுப்புகள்கூட நடத்தினார்கள். பிறகு வழக்கு, பேச்சுவார்த்தை என்று ஆண்டுகள் ஓடி, திட்டம் கைவிடப்பட்டது. 1995-ல் அந்த இடம் இயற்கைக் காப்பிடமானது. அங்கே நிற்கும் நினைவுக் கல்லில் அந்த வட்டாரப் பேச்சு வழக்கிலேயே பொறித்திருக்கிறார்கள்: வேண்டாம்னு சொல்லிட்டோம்.

ஜெர்மனியில் அணு எதிர்ப்பு இயக்கம் இந்தத் திராட்சைக்காரர்களிடமிருந்துதான் பெரிதாகக் கிளம்பியது. பெரிய நகரங்களின் மாணவர்கள் பின்னால்தான் வந்து சேர்ந்தார்கள். இதே சமவெளியில் தெற்கே, பிரெஞ்சுக் கரையில், ஃபெசன்ஹைம் அணு உலைகள் இரண்டு 1970-களின் கடைசியில் ஓடத் தொடங்கி 2020-ல்தான் நின்றன. கைசர்ஸ்டூல் மேல் நின்று வீலையும் ஃபெசன்ஹைமையும் ஒரே நாளில் நினைத்துப் பார்ப்பவருக்கு, சில ஊர்க்காரர்களின் பிடிவாதம் நிலத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து தெற்கே நடந்தால், மரங்கள் விலகி மலையின் உட்புறம் திறக்கும். மலை ஒரு குதிரைலாடம்போல் வளைந்து மேற்கே மட்டும் திறந்திருக்கிறது. பார்த்தவுடன் எரிமலை வாய் என்று தோன்றும். அப்படி இல்லை. 1 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சில லட்சம் ஆண்டுகள் அல்ல, சில பத்து லட்சம் ஆண்டுகள் இங்கே எரிமலை இயங்கியது. புவியின் மேலோடு இழுபட்டு நடுவே அமிழ்ந்ததில் உண்டானதுதான் ரைன் பள்ளத்தாக்கு. வோஜும் பிளாக் ஃபாரஸ்டும் அந்தப் பிளவின் இரண்டு தோள்கள். நடுவே விரிசல்கள் சந்தித்த இடத்தில் பாறைக்குழம்பு மேலே வந்தது. அந்தப் பழைய கூம்பு எப்போதோ கரைந்துவிட்டது. நாம் பார்க்கும் பள்ளம், மழையும் ஓடைகளும் அரித்தெடுத்த வயிறு.

வயிற்றின் நடுவே மொட்டையாக நிற்கும் புல்மேடு பாட்பெர்க். எரிமலையின் உள்ளே, ஆழத்தில் உறைந்த பாறை இங்கே வெளியே தெரிகிறது. அதன் பெயர் கார்பனடைட். சுண்ணாம்புக் கல்லின் அதே வேதிப்பொருள், ஆனால் கடலடியில் படியாமல் நெருப்புக் குழம்பிலிருந்து படிகமானது. உலகில் அரிதான பாறை. இன்றைக்குக் கார்பனேட் குழம்பைக் கக்கும் எரிமலை தான்சானியாவின் ஓல் டொய்ன்யோ லெங்காய் ஒன்றுதான். பாட்பெர்க் புல்வெளியில் மே மாதம் ஆர்க்கிட் பூக்கள், கோடையில் மரகதப் பல்லி, கும்பிடுபூச்சி. பல்லியின் உடம்பு பச்சை, ஆணுக்குக் கழுத்து நீலம். மத்தியதரைக் கடல் பக்கம் வாழும் உயிர்கள் இவ்வளவு வடக்கே தாக்குப்பிடிக்கக் காரணம், பிரான்சின் பெல்ஃபோர் இடைவெளி வழியாக வரும் தெற்கத்திக் காற்று. மேற்கத்தி மழையை வோஜ் தடுத்துவிடுவதால் வெயிலுக்கும் குறைவில்லை. ஆனால் இந்தப் புல்வெளி தானாக நிற்பதில்லை. ஆண்டுதோறும் அறுக்காவிட்டால் புதர் மூடிவிடும். காட்டுயிர் என்று நாம் வியக்கும் இது, அரிவாள் பிடித்த கைகளால் நிற்கிறது.

இனி முக்கியமான உச்சி: ஐகல்ஷ்பிட்ஸ, 520 மீட்டர். 2006-ல் இங்கே ஒரு பார்வைக் கோபுரம் எழுப்பினார்கள். படியேறி மேலே போனால் தென்கிழக்கே ஃப்ரைபுர்க் பேராலயத்தின் கூர்ங்கோபுரம், மேற்கே வோஜ், காற்று தெளிந்த நாளில் தெற்கே ஆல்ப்ஸின் வெள்ளை விளிம்பு. எல்லோரும் ஆல்ப்ஸைத்தான் தேடுவார்கள். தேடி முடித்ததும் மேற்கே திரும்பிக் கீழே பாருங்கள். இந்த மலையின் மிகப் பெரிய காட்சி அங்கே இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பனியுகத்தில் ரைன் படுகை மரமற்ற சரளைப் பரப்பாகக் கிடந்தது. அதிலிருந்து காற்று வாரிவந்த நுண்புழுதி இந்த மலைமேல் படிந்தது. சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல். லோயஸ் என்பது அதன் பெயர். விரலில் தேய்த்தால் கோதுமை மாவு மாதிரி ஒட்டும். விசித்திரம் என்னவென்றால், இதைச் செங்குத்தாக வெட்டினால் சுவராக நிற்கும். சாய்வாக வெட்டினால் மழை கரைத்துவிடும். நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் தேய்த்து, மழை அள்ளிப்போய், பாதைகள் பூமிக்குள் இறங்கிவிட்டன. பிக்கன்சோல் கிராமத்தின் பாதைகளில் நடந்தால் இரண்டு பக்கமும் வீட்டு உயரத்துக்கு மஞ்சள் மண்சுவர், தலைக்கு மேலே வேர்கள்.

விவசாயிகள் இந்த மண்ணில் கையால் வெட்டிய சிறு படிக்கட்டு வயல்கள்தான் பழைய கைசர்ஸ்டூல். சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துக்கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகி, ஒரு குடும்பத்துக்கு மலை முழுக்கச் சிதறிக் கிடந்தன வயல்கள். டிராக்டர் நுழைய வழியில்லை. எல்லாம் முதுகில் சுமந்துதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நில ஒழுங்கமைப்பு தொடங்கியது. 1970-களில் அது வெறியாக மாறியது. மண்வாரி இயந்திரங்கள் குன்றுகளையே சீவி, பள்ளங்களை நிரப்பி, பல மாடி உயரச் சரிவுகளோடு ராட்சதப் படிகளை அமைத்தன. பழைய பள்ளப் பாதைகள் எத்தனையோ மண்ணுக்குள் புதைந்தன. ஐகல்ஷ்பிட்ஸ மேலிருந்தும், மேற்கே மோண்ட்ஹால்ட என்னும் மேட்டிலிருந்தும் பார்த்தால் அந்தப் படிகள் ஊர் ஊராகத் தெரியும்.

அழகாகத்தான் இருக்கிறது. சுற்றுலாப் படங்களில் வருவதும் இவைதான். ஆனால் அது ஒரு தழும்பு என்பதை மறக்கக் கூடாது. நீர் ஓடிவிடாமல் இருக்க அந்த அகலப் படிகளை மலைப்பக்கமாகச் சாய்த்துக் கட்டினார்கள். விளைவு, குளிர்காற்று வழிந்தோட இடமின்றி உள்ளேயே தேங்கிப் பனியில் கொடிகள் கருகின. பெருமழையில் கரைகள் சரிந்தன. பின்னர் வந்த அமைப்புகளில் அளவைக் குறைத்தார்கள், புத்தி வந்தது. அதற்காக விவசாயிகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கூடை சுமந்த முதுகின் வலி, கோபுரத்தில் நின்று பார்க்கும் நமக்குத் தெரியாது. படிகள் வந்திராவிட்டால் பாதித் தோட்டங்கள் கைவிடப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். என் வருத்தம் வேகத்தைப் பற்றியது. கையால் வெட்டிய தலைமுறைகள் மழை எப்படி ஓடும், பனி எங்கே நிற்கும் என்று ஒவ்வொரு வயலாகக் கற்றிருந்தார்கள். இயந்திரம் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை.

அந்தப் பெருஞ்சரிவுகளைப் பராமரிப்பதும் இப்போது ஒரு வேலை. முன்பு குளிர்காலத்தில் புல்லுக்குத் தீ வைப்பார்கள்; பிறகு அது தடையானது; தடையானதும் புதர் மண்டியது, வெயில் தேடும் பூச்சிகளும் பல்லிகளும் குறைந்தன. இப்போது பயிற்சி பெற்றவர்கள், குளிர்காலத்தில், குறுகிய பட்டைகளாக மட்டும் எரிக்க அனுமதி இருக்கிறது.

இன்னொரு வரவும் உண்டு. நம் மின்கம்பிகளில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் பச்சைப் பஞ்சுருட்டானைத் தெரியும்தானே? அதன் ஐரோப்பிய உறவினர், மஞ்சள் கழுத்தும் செம்பழுப்பு முதுகும் கொண்டது, இங்கிருந்து அற்றுப்போயிருந்தது. 1990 வாக்கில் திரும்பி வந்தது. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து மே மாதம் வரும், செங்குத்தான லோயஸ் சுவரில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். இன்று ஜெர்மனியில் இந்தப் பறவையைப் பார்க்கச் சிறந்த இடங்களில் ஒன்று கைசர்ஸ்டூல்.

ஐகல்ஷ்பிட்ஸயிலிருந்து ஃபோகல்சாங் கணவாய்க்கு இறங்கி, மறுபடி ஏறினால் டோட்டன்கோப். அதன் மேல் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. பக்கத்திலேயே நொயன்லிண்டன் என்ற பழைய பார்வைக் கோபுரம். அங்கிருந்து தெற்குச் சரிவில் ஈரிங்கன் வரை இறக்கம்தான். வழியில் லிலியன்டால் என்ற மரப்பண்ணையில் கலிஃபோர்னியாவின் செக்கோயா மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். அப்புறம் திராட்சை. ஈரிங்கனின் விங்க்லர்பெர்க் சரிவில் புழுதி மெலிந்து கரிய எரிமலைப் பாறை தலைகாட்டும். பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும் பாறை. அங்கே விளையும் ஷ்பேட்புர்குண்டர், அதாவது பினோ நுவார், ஜெர்மனியில் பெயர் பெற்றது. பக்கத்து ஊர்களில் கிரௌபுர்குண்டர் வெள்ளை ஒயினுக்குப் புகழ். ஒயின் குடிக்காதவர்களும் விவசாயி வீட்டு முற்றத்தில் நடக்கும் பருவகால உணவகங்களுக்குப் போகலாம். ஆண்டில் நான்கு மாதம் மட்டும், அதிகபட்சம் நாற்பது இருக்கை என்பது சட்டம். அக்டோபரில் வெங்காய அடையும், பிழிந்து புளிக்கத் தொடங்கிய புதுச் சாறும் கிடைக்கும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூவும் பறவையும் வேண்டுமென்றால் மே இறுதி, ஜூன் தொடக்கம். தூரத்து ஆல்ப்ஸ் வேண்டுமென்றால் குளிர்காலத் தெளிவு. ஜூலை நடுப்பகலில் சரிவுகளில் நிழல் கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். நேரம் குறைவென்றால் மற்றதை விட்டு ஐகல்ஷ்பிட்ஸ மட்டும் ஏறுங்கள். பள்ளப் பாதைகளில் லோயஸ் சுவர்மேல் காலை ஊன்றி ஏறாதீர்கள், அதில் பெயரைச் செதுக்காதீர்கள். உள்ளே குஞ்சுகள் இருக்கலாம். சரிந்த சுவர் மறுபடி நிற்காது.