முள்ளின் வளைவும் மீனின் உயிரும்

பிடித்த மீனைத் திரும்பவும் கடலிலேயே விட்டுவிடும் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரத்தில், வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான நீரில் இது நடைபெறுகிறது. நம் மீனவர்கள் மயில் மீன் என்றழைக்கும் மீனே அங்கும் பிடிபடுகிறது. முதுகில் பாய்போல் விரியும் துடுப்பும் ஈட்டி போன்ற மூக்கும் கொண்ட இம்மீன், தூண்டிலில் சிக்கியதும் நீருக்கு மேலே துள்ளித் துள்ளிப் போராடும்.

விட்டுவிட்டால் மீன் பிழைத்துவிடும் அல்லவா? எப்போதும் அப்படியில்லை. வழக்கமான தூண்டில் முள் ஆங்கில 'ஜே' எழுத்தைப் போன்றது. அதன் கூர்முனை நேராக நிற்கும். மீன் இரையை விழுங்கியபின் இழுத்தால், முள் தொண்டையிலோ வயிற்றிலோ குத்திக் கிழிக்கும். நீந்திச் சென்ற மீன் பிறகு உட்காயத்தால் இறக்கலாம்.

வட்ட முள்ளில் கூர்முனை உட்புறமாகத் தண்டை நோக்கி வளைந்திருக்கும். ஆகவே அது பெரும்பாலும் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வரும். வாயோரத்தை அடைந்ததும் திரும்பித் தாடையின் மூலையில் மாட்டிக்கொள்ளும். ஆனால் தூண்டிலை வெடுக்கென்று சுண்டக்கூடாது. சீராக இழுக்க வேண்டும்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்பகுதியில் நடக்கும் ஈட்டிமூக்கு மீன் போட்டிகளில், இயற்கை இரையைக் கோத்தால் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2008 முதல் விதி.

இவ்வடிவம் புதியதன்று. பசிபிக் தீவு மக்கள் எலும்பிலும் சிப்பியிலும் இத்தகைய முட்களைப் பண்டைக் காலத்திலேயே செய்தார்கள். மீன் தப்பாமலிருக்க அவர்கள் கண்ட வளைவு, இன்று மீன் பிழைத்திருக்க உதவுகிறது!