ஒரு சிறுவனின் பெயர் தாங்கிய நோய்

நோய்களுக்குப் பெயர் சூட்டுங்கால், அவற்றை முதலில் ஆராய்ந்துரைத்த வைத்தியரின் பெயரைச் சூட்டுவதே மேலைநாட்டு மருத்துவ உலகின் வழக்கம். நோயாளியின் பெயர் நூலேறுவது அருமை. அதிலும் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் பெயர் ஏறியது அருமையினும் அருமை. ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்பது அச்சிறுவனின் பெயர். 1947இல் லண்டனிலே பிறந்து, பெற்றோருடன் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, ரொறன்ரோ நகரிலே வளர்ந்தவன் அவன். இரண்டு வயதிலேயே அவனுக்குக் குருதியுறையாமை நோய் இருப்பதாக அந்நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையினர் கண்டனர்.

1952இல் உறவினரைக் காண அவன் லண்டனுக்கு வந்திருந்தபோது அவனுடைய குருதி ஒக்ஸ்போர்டுக்கு அனுப்பப்பட்டது. அங்கே றோஸ்மேரி பிக்ஸ், மக்ஃபார்லேன் முதலிய ஆராய்ச்சியாளர் அதனைச் சோதித்தனர். ஹீமோபீலியா நோயாளர் ஒருவரின் குருதி தனியே உறையாது. ஸ்டீபனின் குருதியும் தனியே உறையாது. ஆயின் இரண்டையும் கலந்தபோது கலவை உறைந்தது! ஒன்றிலே இல்லாத பொருள் மற்றதிலே இருந்தது என்பதன்றி இதற்கு வேறென்ன விளக்கம்? ஒரே நோயென உலகம் எண்ணியிருந்தது உண்மையில் இரு நோய்கள். இத்தகைய கலப்பின் விந்தையை 1947இலேயே புவனோஸ் அயர்ஸ் நகரத்துப் பவ்லோவ்ஸ்கி என்னும் வைத்தியர் கண்டிருந்தார். அதன் பொருளைத் தெளிவுற விளக்கியவர்கள் ஒக்ஸ்போர்டார். அவர்களது ஆய்வுரை பிரித்தானிய வைத்திய சஞ்சிகையின் 1952 டிசம்பர் 27ஆந் திகதி இதழிலே, பண்டிகை வாரத்திலேயே, வெளியாயிற்று. சிறுவனின் பெயரும் இதழின் காலமும் ஒத்துப்போனமை கண்டு அக்காலத்து வைத்தியர் சிலர் புன்னகைத்திருக்கவும் கூடும்.

குருதி உறைதல் ஒரே செயலன்று. தீப்பற்றிய வீட்டுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுசெல்வோர் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, குருதியிலுள்ள பல காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, முடிவிலே நாரிழை வலையொன்றைப் பின்னுகின்றன. வரிசையில் எட்டாமவர் இல்லையெனில் அது ஹீமோபீலியா ஏ. ஒன்பதாமவர் இல்லையெனில் அது ஹீமோபீலியா பி, அதாவது கிறிஸ்மஸ் நோய். முன்னையது ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவருக்கு உண்டு; பின்னையது அதனினும் பன்மடங்கு அரிது.

இந்நோயுள்ள பிள்ளைக்கு விரலில் ஊசி குத்தினால் உயிர் போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சிறு கீறல் அவனை வருத்துவதில்லை. அவனது பகை உள்ளே இருக்கிறது. தவழத் தொடங்கிய குழந்தையின் முழங்காலிலும் மார்பிலும் காரணமின்றி நீலம் பாய்கிறது. நடக்கத் தொடங்கியபின் முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள்ளே குருதி கசிகிறது. வெளியே துளியும் தோன்றாது. முதலில் ஓர் இளஞ்சூடு, ஒருவிதக் கூச்சம், பின்னர் வீக்கம், பின்னர் காலை நீட்டவும் மடக்கவும் இயலாத வேதனை. ஒரே மூட்டிலே பலமுறை இவ்வாறு நேர்ந்தால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, இருபது வயதுக்கு முன்பே முதியவரின் முழங்கால் அவனுக்கு வந்துவிடும்.

ஆசிரியர்கள் இதனை ஊன்றி நோக்கவேண்டும். நேற்று ஓடித்திரிந்த மாணவன் இன்று “கால் ஒருமாதிரி இருக்கிறது, ஐயா” என்று சொல்லி விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் அமர்கிறான். பார்த்தால் காலில் ஒன்றுமில்லை. வேலைக்கள்ளன் என்று அவனை எழுப்பி ஓடவிடுதல் எளிது. ஆயின் அந்த இளஞ்சூட்டை உணரும் வேளையிலேயே மருந்து செல்லவேண்டும். வீக்கம் தெரியும்வரை காத்திருந்தால் பாதி நட்டம் நேர்ந்துவிடும். தலையிலே அடிபட்டால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நோவுக்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது. அதற்காக அவனை நாற்காலியிலே கட்டிவைத்தலும் வேண்டியதில்லை. நீந்துதல் அவனுக்கு மிக நல்லது. வலுவான தசையே மூட்டுக்குக் காவல்.

நோய் தாய்வழி வருவது என்பதைப் பண்டையோரே அறிந்திருந்தனர். யூதர்களின் தல்மூத் நூலிலே ஒரு செய்தி உண்டு. செப்போரிஸ் என்னும் ஊரிலே சகோதரியர் நால்வர். மூத்தவளின் மகன் விருத்தசேதனத்தின்போது இறந்தான்; இரண்டாமவளின் மகனும் மூன்றாமவளின் மகனும் அவ்வாறே இறந்தனர். நான்காமவள் தன் மகனோடு சிமியோன் பென் கமாலியேல் என்னும் குருவிடம் வந்தபோது, அவனுக்கு அச்சடங்கு வேண்டாவென அவர் விலக்கினார். இறந்தவர்கள் அவளுடைய பிள்ளைகளல்லர், சகோதரியரின் பிள்ளைகள் என்பதைக் கவனிக்கவேண்டும். நுண்காட்டி இல்லாத காலத்திலே இவ்வளவு கூர்மை! 1803இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் கொன்றட் ஒட்டோ, ஒரு குடும்பத்தின் குருதிப்போக்கை எண்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்மணிவரை பின்தொடர்ந்து சென்று, ஆண்கள் நோயுறுவதையும் பெண்கள் அதனைக் கடத்துவதையும் எழுதிவைத்தார். விக்டோரியா மகாராணியாரின் கொள்ளுப்பேரனாகிய ரஷ்ய இளவரசன் அலெக்ஸியின் கதையை வாசகர் அறிவர். அவனுக்கிருந்ததும் கிறிஸ்மஸ் நோயே என 2009இல் எலும்புகளை ஆராய்ந்தோர் காட்டினர்.

எட்டாம், ஒன்பதாம் காரணிகளுக்குரிய பரம்பரை அலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. தந்தைக்கு நோயிருந்தால் அவருடைய புதல்வியர் அனைவரும் குறையைத் தாங்குவர், புதல்வருக்கு அது செல்லாது. தாங்கும் தாய்க்குப் பிறக்கும் மகன் ஒவ்வொருவனுக்கும் நோய் வரும் வாய்ப்புப் பாதி. இந்த விளக்கமே எத்தனையோ வீடுகளிலே தாயின்மேல் வீசப்படும் கல்லாகிவிட்டது. “உன் வழியாலே வந்தது” என்ற சொல்லை அவள் வாழ்நாளெல்லாம் சுமக்கிறாள். ஆனால் நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரின் குடும்பத்திலே முன்னர் ஒருவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. அலகிலே புதிதாய் நேர்ந்த மாற்றம் அது. மேலும், தாங்குபவள் எனப்படும் பெண் வெறுமனே கடத்துபவளும் அல்லள். பலருக்குக் காரணி குறைந்தே இருக்கும்; மாதவிடாயிலும் மகப்பேற்றிலும் அவர்களும் மிகையாகக் குருதி இழக்கின்றனர். மகனின் முழங்காலைப் பார்த்த வைத்தியர் பலர் தாயைக் கேட்க நெடுங்காலம் மறந்திருந்தனர்.

இனி மருந்தின் கதை. ஸ்டீபன் சிறுவனாயிருந்தபோது பிறருடைய குருதியை, அல்லது பிளாஸ்மா என்னும் குருதிநீரை, ஏற்றுவதே வழி. தேவையான காரணி சேருமுன் உடல் தாங்காத அளவு நீர் சேர்ந்துவிடும். ஹீமோபீலியா ஏ நோயாளர்க்கு 1964இல் விடிவு வந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஜூடித் பூல் அம்மையார், உறைய வைத்த குருதிநீரை மெல்ல இளகவிடும்போது அடியில் எஞ்சும் படிவிலே எட்டாம் காரணி திரண்டிருக்கக் கண்டார். குருதி வங்கியுள்ள எவ்வூரும் செய்யக்கூடிய எளிய முறை! அதன்பின் வந்தது தூள்மருந்து. ஆயிரக்கணக்கானோரின் குருதிநீரை ஒரே தொட்டியிலே கலந்து, காரணியைப் பிரித்து, உலர்த்திச் சீசாவில் அடைத்தனர். வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தாயே மகனுக்கு ஏற்றலாம். வைத்தியசாலைக் கட்டிலிலே கழிந்த பிள்ளைப்பருவம் பாடசாலைக்குத் திரும்பியது. அந்தத் தாய்மார் அடைந்த ஆறுதலை நினைத்துப் பார்த்தாலன்றிப் பின்வந்ததன் கொடுமை விளங்காது.

தொட்டியிலே கலந்த ஆயிரவருள் ஒருவர் நோயுற்றிருந்தாலும் தொட்டி முழுவதும் நஞ்சாகும். குருதியை விலைக்கு விற்றோரிடமிருந்தும், அமெரிக்கச் சிறைக்கைதிகளிடமிருந்தும் அது பெறப்பட்டது. ஈரலழற்சி பரவும் ஆபத்து அறியப்பட்டே இருந்தது, பின்னர் எச்.ஐ.வி. கிருமியும் சேர்ந்துகொண்டது. பிரித்தானியாவிலே குருதிப்போக்கு நோயுள்ளோருள் ஏறத்தாழ 1,250 பேரை அக்கிருமி பற்றியது. அவர்களுள் சிறுவர் ஏறத்தாழ 380.

ஹாம்ஷயரிலே உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான ட்ரெலோர் கல்லூரி என்னும் விடுதிப் பாடசாலை உண்டு. ஹீமோபீலியா உள்ள மாணவர் பாடத்தை இழவாது சிகிச்சை பெறும்பொருட்டு அதன் வளவிலேயே வைத்திய நிலையமொன்று இயங்கியது. நன்னோக்கமுள்ள ஏற்பாடுதான். 1970 முதல் 1987 வரை அங்கே பயின்ற ஹீமோபீலியா மாணவர் 122 பேர். அவர்களுள் ஏறத்தாழ 30 பேரே விசாரணைக் காலத்தில் எஞ்சியிருந்தனர். நீதிபதி சேர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையில் நடந்த அவ்விசாரணையின் அறிக்கை 2024 மே 20இல் வெளியாயிற்று. அப்பிள்ளைகள் ஆராய்ச்சிப் பொருள்களாய்க் கொள்ளப்பட்டனர் என்றும், பெற்றோர்க்கு ஆபத்து எடுத்துரைக்கப்படவில்லை என்றும், நடந்தது தற்செயலான விபத்தன்று என்றும், உண்மை மறைக்கப்பட்டது என்றும் அது கூறுகிறது. அன்றே பிரதமர் ரிஷி சுனாக் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

கிருமியைக் காட்டிலும் என்னை வருத்துவது அந்த மௌனமே. அறியாமை மன்னிக்கத்தக்கது. அறிந்தவர், தம் கையாலேயே மருந்தேற்றும் தாயிடம் சொல்லாமலிருந்ததை எவ்வாறு மன்னிப்பது? ஆபத்தைச் சொல்லியிருந்தால், முழங்கால் வீக்கத்துக்குப் பழைய குளிர்ப்படிவே போதுமென்று சில பெற்றோராவது கூறியிருப்பர். தெரிவு அவர்களுடையதாய் இருந்திருக்கும்.

ஸ்டீபன் கிறிஸ்மஸ் வளர்ந்து, புகைப்படக் கலை பயின்று, வாடகைக் கார் ஓட்டி வாழ்ந்தார். அவருக்கு ஏற்றப்பட்ட குருதிப்பொருள் வழியே எச்.ஐ.வி. அவரையும் பற்றியது. குருதி ஏற்றுதல் ஆபத்தற்றதாக வேண்டுமென்று கனடா நாட்டு ஹீமோபீலியாச் சங்கத்தோடு சேர்ந்து போராடிய அவர், 1993 டிசம்பர் 20இல், தம் 46ஆம் வயதிலே, எயிட்ஸ் நோயால் இறந்தார். மனிதக் குருதியைச் சாராது ஆய்வுகூடத்திலே ஆக்கப்பட்ட ஒன்பதாம் காரணி 1997இல் பாவனைக்கு வந்தது.

இன்று மருந்துகள் பெருகிவிட்டன. ஹீமோபீலியா ஏ உள்ள பிள்ளைக்கு எமிசிசுமாப் என்னும் மருந்தை வாரத்துக்கு ஒரு முறையோ, நான்கு வாரங்களுக்கு ஒரு முறையோ தோலின் கீழ் ஏற்றினால் போதும். நாளம் தேடிக் குத்தவேண்டியதில்லை. கிறிஸ்மஸ் நோயுற்ற வளர்ந்தோர்க்கு, குறைபட்ட அலகின் நல்ல பிரதியை ஒரே முறை உடலிற் செலுத்தும் சிகிச்சைக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி வழங்கிற்று. அதற்கு அங்கே வைக்கப்பட்ட விலை 35 இலட்சம் டொலர். வறிய நாடுகள் பலவற்றிலே நோயாளருள் பெரும்பாலோருக்குத் தம் நோயின் பெயரே தெரியாது. பெயரறிந்து வைத்தியசாலையை அடையும் சிறுவர் பலருக்கு அங்கே கிடைப்பது, 1964இல் ஜூடித் பூல் கண்ட அதே குளிர்ப்படிவுதான்.