தூணை எண்ணும் தம்பிக்கு உத்தியோகம் உண்டா?

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள் என்பார்கள். எண்ணிப் பார்த்தவர் யார்? 22 தீர்த்தமும் ஆடி முடித்து, ஈர வேட்டியோடு 'தனுஷ்கோடி வேன் கிளம்பிடும்... ஓடு, ஓடு' என்று ஓடுகிற ஜாதி நாம்!

ஆனால் ஒரு தம்பி நின்று எண்ணுவான். நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டான். குறுக்கே போனால், மறுபடி முதல் தூணிலிருந்து ஆரம்பிப்பான். ஊர் அவனுக்கு வைக்கிற பட்டப்பெயர் நமக்குத் தெரியும். டாக்டரிடம் போனால் 'ஆட்டிசம்' என்று சொல்லக்கூடும். (எண்ணுகிறவர்களுக்கெல்லாம் ஆட்டிசம் இல்லை; ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லோரும் எண்ணுவதும் இல்லை.)

'பாவம், இவன் என்ன வேலைக்குப் போகப் போறான்?' என்று உச் கொட்டுவதற்கு முன்னால் ஒரு நிஜக் கதை.

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர், 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வதற்கு அதுதான் பிள்ளையார் சுழி. அதில் முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்ளெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்கிற சின்ன ஊர். மூன்று வயதில் காப்பகத்தில் சேர்த்தார்கள். சுமார் ஒரு வருஷத்தில் பெற்றோரே திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.

பிறகு கொஞ்ச காலம் ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர்ந்தான். பையனுக்கு எதையும் அளக்கணும், எண்ணணும். அவர்கள் தடுக்கவில்லை. அளக்கிறாயா? கிணறு தோண்டு, ஆழத்தை அளந்து சொல்லு. சோள வரிசையை எண்ணுகிறாயா? உழுதுகொண்டே எண்ணு!

அந்தப் பையன் கடைசியில் என்ன ஆனார் தெரியுமோ? நம்மில் பாதிப்பேர் எந்தப் பரீட்சை எழுதி எழுதித் தேய்கிறோமோ, அந்த பேங்க் உத்தியோகம்! காலேஜ் முடித்து 1958-ல் ஊர் பேங்கில் சேர்ந்தவர், அறுபது வருஷத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தன்னந்தனியாக உலகம் சுற்றினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நம்பர் கொடுத்து வைத்திருந்தார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஊருக்கு அவர் பழகிப்போயிருந்தார். 2023-ல், 89 வயதில் காலமானார்.

'கதை ஜோர் சார். அந்த பேங்க் யாருது?'

கெட்டிக்காரர்தான் நீங்கள்! அது அவருடைய அம்மா வீட்டார் பேங்க். சரி, தாத்தா பேங்க் வைத்திருக்காத பிள்ளை எங்கே போவான்? பாம்பனில் படகுக்குப் போகிறவர் மகனுக்கு?

அவனுக்குச் சட்டம்தான் தாத்தா. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுத்துறைக் காலியிடங்களில் குறைந்தது 4 சதவிகிதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அதில் 1 சதவிகிதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் போன்றவை உள்ளவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அரசு பேங்குகளும் இதில் அடக்கம். வேலைக்கு வந்தவருக்கு வேண்டிய வசதியைச் செய்து தருவதும் ஆபீஸின் கடமை.

தனியாரிலும் ஆரம்பித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் 'சாப்' சாஃப்ட்வேர் கம்பெனி, ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை 2013-ல் உலகம் முழுதுக்கும் அறிவித்தது. பிள்ளையார் சுழி போட்டது யார்? நம்ம பெங்களூர் கிளை! முதலில் 6 பேரை, சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கும் வேலையில் அமர்த்திப் பார்த்துவிட்டுத்தான் அறிவிப்பே வந்தது.

சட்டமும் கம்பெனியும் நாற்காலி வரைக்கும் கொண்டுவந்து விடும். பக்கத்து நாற்காலியில் இருக்கப் போவது நாம். இன்டர்வியூவில் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதற்காகக் கழித்துக் கட்டவேண்டாம். வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் நாலு பேர் கத்துகிற ஹாலில் சிலருக்குத் தலையே வெடித்துவிடும். ஓரமாக ஒரு மேஜை போதும். சொல்வதை வரிசையாக, ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. (எழுதிக் கொடுத்தால் நமக்கே நல்லதுதான்!)

இன்னொன்று. நம் ஆபீஸ்களில் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். ஆட்டிசம் உள்ள பலர், சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு உங்கள் செக்ஷனில் அப்படி ஒருவர் சேர்ந்தால், 'அப்புறம் வாங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வந்து நிற்பார். எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள்!