சிகரத்திலிருந்து 150 மீட்டர்

சென்ற வாரம், பொழுது புலருமுன் தலைவிளக்கின் வெளிச்சத்தில் ஸ்காட்லாந்தின் கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கை விட்டுப் புறப்பட்டதோடு நிறுத்தியிருந்தேன். பாதிமலை ஏரி வரையிலான ஏற்றத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஏதுமில்லை. சிகரத்தில் 1883-இல் திறக்கப்பட்ட வானிலை ஆராய்ச்சி நிலையத்துக்காகக் குதிரைகள் ஏறும்படி போட்ட பாதை அது. பென் நெவிஸின் உயரம் 1,345 மீட்டர். இமயத்தின் கணக்கில் அது வெறும் குன்றுதான். ஆனால் அட்லாண்டிக் சமுத்திரத்தின் புயல்கள் நேராக வந்து மோதும் அந்தக் குன்றில், ரெட் பர்ன் ஓடையைத் தாண்டியதும், பாதை என்று ஒன்று இருந்ததற்கான சுவடே மறைந்துபோய் எங்கும் பனியாகிவிடுகிறது.

தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஒரே வெண்மையாகத் தோன்றும் அந்தச் சரிவு, கால் வைத்தவனுக்கு அடிக்கு அடி வேறு பொருளாக மாறுகிறது. ஓரிடத்தில் மாவுபோல முழங்கால் வரை உள்வாங்கும்; உருகி மறுபடி உறைந்து இறுகிய இடத்தில், பாதணிக்கடியில் கட்டிய கிராம்பான் பற்கள் ‘கிறீச்’ என்ற சிறு ஒலியோடு பதிந்து நிற்கும்; காற்று வாரிவந்து அடுக்கிய இடத்திலோ, அடியில் வெற்றிடம் இருப்பதைப்போல ஒரு பொள்ளல் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால், சரிவு எவ்வளவு சௌகரியமாகத் தோன்றினாலும், விலகிப் போய்விடுவதே விவேகம். பனிச்சரிவுகள் பெரும்பாலும் புறப்படுவது முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில்தான். வழியடையாளக் கற்குவியல்களின் மேல் உறைபனி இறகு இறகாக முளைத்திருந்தது. அந்த இறகுகள் காற்றடிக்கும் பக்கமாகவே நீளுகின்றன என்பதால், முந்தின இரவின் காற்று தென்மேற்கிலிருந்து வீசியது என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொண்டேன்.

தென்மேற்குக் காற்று என்றால், பனியெல்லாம் வடகிழக்கு விளிம்பிலே குவிந்திருக்கும் என்று அர்த்தம். அந்த விளிம்புக்கு அப்பால் நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்துப் பாறை. அதன்மேல் கூரை இறவாணம்போல, கீழே யாதொரு ஆதாரமுமின்றிப் பனி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு நிலம் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவே தெரியாது.

இடிந்த ஆராய்ச்சி நிலையத்தின் சுவரருகே நான் நின்றபோது மூடுபனி இறங்கி, ஆகாயமும் தரையும் ஒன்றாகிவிட்டன. பனியை உருட்டி முன்னால் எறிந்தேன்; அது விழுந்து நின்ற இடத்தில்தான் தரை என்று ஒன்று இருப்பது புலப்பட்டது. இத்தகைய சமயத்துக்கென்றே விதித்திருக்கும் பிரமாணம் ஒன்று உண்டு: சிகரத்திலிருந்து வரைபட வடக்குக்கு 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 282 பாகை. முதல் திருப்பம் பிசகினால் வலப்புறம் கார்டிலூ பிளவு. இரண்டாவது பிசகினால் இடப்புறம் ஃபைவ் ஃபிங்கர் பிளவு. துணை இருந்தால் அவரை முன்னே நடக்கவிட்டுத் திசை பார்க்கலாம். தனியனுக்கு மாற்று அபிப்பிராயம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் காந்த ஊசிதான். கால்களோ, ‘இன்னும் சற்று வலப்புறம்’ என்று ஓயாமல் வாதாடுகின்றன. தனிவழி நடைக்குத் தைரியம் வேண்டுமென்பார்கள். எனக்கென்னவோ அங்கே தேவைப்பட்டதெல்லாம் கீழ்ப்படிதல்தான்.

அடிகளை எண்ணிக்கொண்டு போகையில், நார்மன் காலியின் நினைவு வந்தது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த அந்த மலையேறி, 1891-இல் கெய்ர்ன்கார்ம் மலைத்தொடரிலுள்ள பென் மெக்டூயியில் மூடுபனியிலே தனியே வந்துகொண்டிருந்தபோது, தம்முடைய சில அடிகளுக்கு ஒன்று வீதம் வேறொரு பெரிய காலடி பின்தொடர்வதைக் கேட்டு, பல மைல் தூரம் ஓடியே இறங்கினாராம். இதை அவர் பகிரங்கமாகச் சொன்னது 1925-இல். எனக்குக் காலடி எதுவும் கேட்கவில்லை. மேலங்கியின் தொப்பி காற்றில் படபடத்த ஓசை மட்டும் ஆள் அரவம்போல இருந்தது.

எண்ணிக்கை முடிந்த இடத்தில் நின்று, ஊசியைத் திருப்பி, 282 பாகைக்கு மாறினேன். டிசம்பர் கடைசியில் அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும். அதற்குள் ஓடையைக் கடந்தாக வேண்டும். அந்த இறக்கத்தைப் பற்றி அடுத்த வாரம்.