தூய்மை யார் கணக்கில்? – டெல்டாவும் எரிசக்தியும்

2013இல் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மீத்தேன் திட்டம் பற்றிப் பேசப் போயிருந்தேன். நிலக்கரியைக் காட்டிலும் எரிவாயு 'தூய' எரிபொருள் என்று ஏன் சொல்கிறார்கள் என விளக்கிக்கொண்டிருந்தபோது, களையெடுப்பு முடிந்து வந்து ஓரமாக நின்றிருந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏங்க, கரண்டுலகூட சுத்தம், தீட்டெல்லாம் உண்டா?" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை அது என்று பிறகுதான் உறைத்தது.

சுத்தம் என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு வரலாறு உண்டு. ஊரைச் சுத்தமாக வைத்திருந்தது சேரியின் உழைப்பு. அழுக்கைச் சுமந்தவர்களே அசுத்தமானவர்களாகக் கட்டமைக்கப்பட்டார்கள். சாதியையும் எரிசக்தியையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. ஆனால் இரண்டிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஓரிடத்தின் தூய்மைக்காக அழுக்கு எங்கே, யார் தலையில் இறக்கப்படுகிறது?

1

மீத்தேன் விஷயத்தைப் பார்ப்போம். பூமிக்கடியில் நிலக்கரிப் படுகையின் நுண்துளைகளில் இவ்வாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அங்கேயே பிடித்து வைத்திருப்பது நீரின் அழுத்தம். ஆகவே முதலில் நீரை மாதக்கணக்கில் இறைத்துக் கொட்டணும். அழுத்தம் குறைந்த பிறகே வாயு பிரிந்து மேலே வரும். இறைக்கப்படும் நீர் பெரும்பாலும் உப்புநீர். கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்களே உயரமான ஒரு சமவெளியில் இதைச் செய்தால் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வர வழி பிறக்கும் என்பதே எதிர்த்தவர்களின் அச்சம்.

2010இல் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் சுமார் 690 சதுர கிலோமீட்டருக்கு 'கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி' நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் 2013இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைத்தது. 2015இல் அனுமதி மறுத்தது. இதற்கு எதிரான பிரச்சாரத்துக்கு வந்த இடத்தில்தான், பட்டுக்கோட்டை அருகே, 2013 டிசம்பர் 30 அன்று நம்மாழ்வார் இறந்தார்.

'தூய' என்ற அடைமொழி எங்கிருந்து வருகிறது? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிவாயு வெளியிடும் கரியமிலவாயு, நிலக்கரி வெளியிடுவதில் ஏறக்குறைய பாதி. உண்மைதான். ஆனால் இது புகைபோக்கியின் வாயில் எடுக்கப்படும் கணக்கு. எரியாமல் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமிலவாயுவைப் போல எண்பது மடங்கு வெப்பமூட்டும். இறைத்துக் கொட்டிய தண்ணீர் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை.

2

இனி, எல்லோரும் நல்லது என்று ஒப்புக்கொள்கிற சூரிய சக்திக்கு வருகிறேன். நானும் அதை ஏற்பவன்தான். புகை இல்லை, டீசல் செலவு இல்லை. 2019இல் தொடங்கிய 'பிரதம மந்திரி குசும்' திட்டம் சோலார் பம்ப்செட்டுக்கு மானியம் தருகிறது. மானியம் கேட்டுப் போனால் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். டெல்டாவில் கோயில், மடத்து நிலங்களையும் பிறர் நிலங்களையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரிடம் அது எங்கே இருக்கிறது? சூரியன் எல்லோருக்கும் பொது, பேனல் பட்டாதாரருக்கு.

இது புதுக்கதையும் அல்ல. 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. 2012 தொடங்கி 2019 வரை ஒரு ஆண்டுகூட ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கவில்லை. அந்த எட்டு ஆண்டுகளும் குறுவை போட்டவர்கள் யார்? பெரும்பாலும் போர்வெல்லும் மோட்டாரும் வைத்திருந்தவர்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியவரின் வயல் சம்பா வரை காய்ந்தது. அந்த வயலில் நட்டு, களையெடுத்துக் கூலி வாங்க வேண்டியவர் திருப்பூருக்கு பஸ் ஏறினார். ஆற்றில் வந்த தண்ணீரில் முறை உண்டு, பங்கு உண்டு, சண்டையும் உண்டு. குழாயில் வந்த தண்ணீர் ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது. மின்சாரத்தின் விலை பூஜ்யமானால் இறைப்பதற்குத் தடை என்று மிஞ்சுவது தண்ணீர் தீர்ந்துபோவது மட்டுமே. சோலார் பம்ப் இந்தத் தர்க்கத்தை மாற்றவில்லை. பகல் முழுக்க ஓடும்படி அதை நீட்டித்திருக்கிறது.

அதே திட்டத்தின் இன்னொரு பிரிவு, நிலத்தில் பேனல் போட்டு 2 மெகாவாட் வரை மின்சாரம் தயாரித்து விற்க வழி செய்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவை. தரிசு நிலத்தில் என்றால் சரி. நன்செய்யில் அது வந்தால் உடையவருக்கு மாதாமாதம் வாடகை, குத்தகைக்காரருக்கு வெளியேற்றம், நாற்றுப் பறித்தவருக்கு ஒன்றுமில்லை. அறுவடை இயந்திரம் ஏற்கெனவே தின்றதுபோக மிச்சமிருக்கும் வேலைநாட்களும் போகும்.

3

2020இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தை அது தடுக்கிறது. ஏற்கெனவே இயங்குபவற்றை விட்டுவிடுகிறது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு நிலக்கரிப் பகுதிகள் ஏலப்பட்டியலில் வந்ததும், எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டதும் தெரிந்ததே. இவை வெற்றிகள்; சந்தேகமில்லை. ஆனால் அச்சட்டத்தின் அக்கறை நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பது. அந்நிலத்தில் யாருக்குப் பங்கு என்ற கேள்வி அங்கே எழவில்லை. நம் போராட்டங்களும் 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மிராசுதாரையும் கூலியாளையும் சேர்த்துக் கட்டின. 1968இல் கூலி உயர்வு கேட்ட சச்சரவில் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியும் இதே டெல்டாதான். அந்த முரண் ஒரு பொது எதிரி வந்ததால் கரைந்துவிடாது.

அப்படியென்றால் சோலார் வேண்டாமா? வேண்டும். தனியாளுக்குப் பம்ப் தருவதற்குப் பதில், பல குடும்பங்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் பம்புக்கு மானியம் போகலாம். அதில் நிலமில்லாத பெண்களின் குழுவுக்கும் உடைமைப் பங்கு இருக்கலாம். தண்ணீரை அளந்து விற்று வரும் வருமானம் அவர்களுக்குச் சேரலாம். இறைக்காமல் மிச்சப்படும் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கலாம். அப்போது தண்ணீரைச் சேமிப்பதற்கும் ஒரு விலை கிடைக்கும். தொழில்நுட்பம் இதற்குத் தடையில்லை. சொத்துறவுதான் தடை.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: கரண்டுக்குத் தீட்டு இல்லைம்மா, அதை யாருக்குத் தரணும், யாருக்குக் கூடாதுன்னு பிரிக்கிற கைக்கு உண்டு.