காதைத் தின்னும் மோட்டார் சத்தம்



பாலிக் புலாவ் மண்ணைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். நடுவில் வயலும், கிராம்பு, ஜாதிக்காய், துரியான் மரங்களும். ஆனால் இந்த ஊருக்கு வர எந்த வழியாக வந்தாலும் மேடு ஏற வேண்டும். தெலுக் கும்பாரிலிருந்து வந்தால் கெந்திங் மேடு. தெலுக் பஹாங்கிலிருந்து வந்தால் தித்தி கெராவாங் வளைவுகள். பாயா தெருபோங் பக்கமிருந்து வந்தால் துன் சார்டோன் சாலை. கியரைக் குறைத்து முறுக்கினால்தான் கப்சாய் மோட்டார் ஏறும். அந்த மோட்டாரின் எக்சாசில் உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்திருந்தால், மலை அந்தச் சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும். விடியுமுன் வேலைக்கு எழ வேண்டியவரின் தூக்கம் போகும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை அலறும்.

"சத்தம்தானே அண்ணே, போனா போகுது" என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. போவது சத்தம் இல்லை தம்பி, உன் காது!

நமது உட்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய உணர்வணுக்கள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 இருக்கின்றன. பலத்த சத்தம் இவற்றைச் சாய்த்துவிடும். வெட்டிய புல் மீண்டும் முளைக்கும். இந்த அணுக்கள் செத்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. மாத்திரையாலும் ஊசியாலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இது புதிய செய்தியல்ல. 1886-ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். அவர்களில் ஒருவருக்குக் கூட காது சரியாகக் கேட்கவில்லை!

எவ்வளவு சத்தம் ஆபத்து? சத்தத்தை டெசிபல் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பொதுக்கணக்கு. அதன்பின் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 100 என்றால் வெறும் கால்மணி நேரம். உள்பாகம் இல்லாத எக்சாஸ் முறுக்கும்போது பக்கத்தில் 100-ஐத் தொடுவது அதிசயமல்ல. முன்னால் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுகிற தகப்பன்மார் இதை யோசிக்க வேண்டும்.

நம் தோட்டத்து ஆட்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பகலெல்லாம் தோளில் புல்வெட்டும் இயந்திரம் அலறுகிறது. வீடு திரும்பும்போது மோட்டாரும் அலறினால் காது எப்போதுதான் ஓய்வெடுக்கும்? 1989-ல் வந்த பழைய சத்த விதி தொழிற்சாலைகளுக்கானது, வரம்பு 90 டெசிபல். 2019 ஜூன் 1 முதல் வந்த புதிய விதியில் வரம்பு 85. அது தோட்ட வேலைக்கும் பொருந்தும். வரம்பைத் தாண்டிய சத்தத்தில் வேலை செய்பவருக்குக் காதுப் பரிசோதனை முதலாளியின் செலவில் நடக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். வேலைச் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை சொக்சோவின் தொழில் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது.

சரி, மோட்டாருக்கு வருவோம். எந்திரப் பீரங்கியைக் கண்டுபிடித்த ஹைராம் மாக்சிம் தன் பீரங்கிச் சத்தத்தாலேயே பிற்காலத்தில் காது மந்தமாகிப் போனார். அவர் மகன் ஹைராம் பெர்சி மாக்சிமோ 1909-ல் துப்பாக்கிக்குச் சத்தமடக்கி செய்து காப்புரிமை வாங்கினார். பிறகு அந்த வழியிலேயே இயந்திரங்களுக்கும் சைலன்சர் செய்தார்.

வேலை செய்யும் விதம் எளிது. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும் கப்சாய் இன்ஜின், வினாடிக்கு 33 தடவை சூடான புகையை வெடித்துத் தள்ளுகிறது. கம்பெனி எக்சாசுக்குள் அறைகளும் துளைத் தடுப்புகளும் உண்டு. புகை அவற்றில் முட்டி, வளைந்து, விரிந்து, வேகம் தணிந்து வெளியேறும். நேர்க்குழாயில் அந்தத் தடங்கல் இல்லை. ஆகவே வெடிச்சத்தம் அப்படியே வருகிறது.

பழைய கம்பெனி எக்சாஸ் வீட்டில் கிடந்தால் அதையே மாட்டுங்கள், அதுதான் நல்லது. இல்லையென்றால், வால்முனையில் செருகும் துளையிட்ட சத்தமடக்கிக் குழாய், அதாவது பேஃபிள், உதிரிச் சாமான் கடையில் கிடைக்கும். மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். சூட்டு எக்சாஸ் தோலை உரித்துவிடும்.

2. வால்முனையின் உள்விட்டத்தை அளந்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் குழாயை வாங்குங்கள். தளர்ந்த குழாய் கடகடக்கும். ஓடும்போது பிடுங்கிக்கொண்டு பின்னால் வருபவர் மேல் பாயவும் கூடும்.

3. துளை போட்டு ஸ்குரூ முடுக்கும் முன் இரும்புத் தூளைத் துடைத்தெடுங்கள். ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். ஒரு வாரம் ஓடியபின் மறுபடி முடுக்கிப் பாருங்கள்.

4. உள்ளே கண்ணாடிப் பஞ்சு இருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். கையுறையும் மூக்குக்கு மறைப்பும் வேண்டும்.

5. துணியையோ தகர டப்பாவையோ திணிப்பது வைத்தியமல்ல. புகை அடைபட்டால் இன்ஜின் சூடேறி, மேட்டில் இழுக்காது.

6. வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். எக்சாஸ் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

கார்புரேட்டர் வண்டியானால் சில நாள் கழித்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, மெக்கானிக்கிடம் சரிபாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பேஃபிள் சத்தத்தைக் குறைக்குமே தவிர, மாற்றிய எக்சாசைச் சட்டப்படி சரியானதாக ஆக்கிவிடாது. வாகனச் சத்தத்துக்கு 1987 முதலே சுற்றுச்சூழல் விதி இருக்கிறது. சம்மன் வந்தால் போவது உங்கள் சம்பளம்தான்.

வீட்டில் யாராவது "என்ன? என்ன?" என்று அடிக்கடி கேட்கிறாரா? டிவியைச் சத்தமாக வைக்கிறாரா? இரவில் காதுக்குள் 'ஙொய்' என்று இரைகிறதா? பெண்கள், பிள்ளைகள் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கவில்லையா? சூடான எண்ணெய் ஊற்றி வைத்தியம் பார்க்காதீர்கள். பாலிக் புலாவ் மருத்துவமனையில் காட்டி, தேவையானால் ஜோர்ஜ்டவுன் பொது மருத்துவமனைக் காது மருத்துவருக்குக் கடிதம் வாங்குங்கள். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.