கைக்குத் தெரியாதது நடுவருக்குத் தெரிந்தது

2004 ஜூன் 19 அன்று லாஸ் வேகஸில் நடந்த, யு.எஃப்.சி. என்ற கலப்புத் தற்காப்புக் கலை அமைப்பின் ஹெவிவெயிட் பட்டப் போட்டி 50 விநாடியில் முடிந்துபோனது. தரையில் மல்லாந்து கிடந்த ஃப்ராங்க் மிர், தன்மேல் கவிந்திருந்த டிம் சில்வியாவின் கையைக் கால்களுக்கிடையில் சிக்கவைத்து, இடுப்பை உயர்த்தி நெம்பினார். ‘ஆர்ம்பார்’ என்று பெயர் பெற்ற பிடி அது. சட்டென்று நடுவர் ஹெர்ப் டீன் குறுக்கே பாய்ந்து சண்டையை நிறுத்திவிட்டார். சில்வியாவுக்கு ஒரே ஆத்திரம். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, தொடர விடுங்கள் என்று மல்லுக்கு நின்றார். காசு கொடுத்து வந்த கூட்டமும் நடுவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. அப்புறம் திரையில் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மடங்கவே கூடாத இடத்தில், முன்கை மடங்கியது. கூச்சல் அடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு உறுதியானது. பிறகு டைட்டானியம் தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். டீன் அன்று தன் தொழிலையே காப்பாற்றினார் என்று சில்வியா பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

பட்டம் கைநழுவுகிறதே என்ற வீம்பு என்று இதைத் தள்ளிவிடலாம். வீம்பும் இருந்திருக்கும். ஆனால், முறிந்த கையை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று வாதாடுபவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவருடைய கை அவரிடம் எதையும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இதைவிடத் தெளிவான சாட்சி 2013 ஏப்ரல் 27 அன்று, நியூ ஜெர்சியின் நெவார்க் நகரில் கிடைத்தது. பட்டத்தைக் காக்க இறங்கிய ஜான் ஜோன்ஸ், சேல் சானனை முதல் சுற்றிலேயே, மணி அடிக்க 27 விநாடி இருக்கும்போது வீழ்த்தினார். வெற்றியை அறிவித்தார்கள், வர்ணனையாளர் ஜோ ரோகன் மைக்கோடு வந்தார், பேட்டியும் தொடங்கியது. அதன் நடுவில்தான் ஜோன்ஸின் இடது கால் கட்டைவிரல் கண்ணில் பட்டது. விரல் முறிந்து, மூட்டு நழுவி, தோலைக் கிழித்துக்கொண்டு கோணலாக நின்றது. அதுவரை அந்தக் காலை ஊன்றித்தான் அவர் சண்டைக் கூண்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார். பார்த்த பிறகுதான் உட்கார ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது. இன்னும் 27 விநாடி தாக்குப்பிடித்து, சுற்று முடிந்திருந்தால், இடைவேளையில் மருத்துவர் விரலைப் பார்த்துச் சண்டையை நிறுத்தியிருப்பார். பட்டம் சானனுக்குப் போயிருக்கும். விரல் உடைந்தவருக்கு வலிக்கவில்லை என்பது போகட்டும், கண்ணால் பார்த்ததும் வலி வந்ததே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காயத்தின் அளவுக்குத் தக்கபடி வலிக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நம்பி வாழ்கிறோம். வலியை ஆராய்கிறவர்கள் அந்த நம்பிக்கையைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. தோலிலும் தசையிலும் எலும்பின் மேலுறையிலும், திசு சிதைவதை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அவை அனுப்புவது தகவல் மட்டுமே. நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்: முதலில் ‘சுரீர்’ என்று ஒன்று, சற்றுப் பொறுத்து விண்விண்ணென்று இன்னொன்று. முதலாவது, உறை போர்த்திய நரம்பிழைகளில் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் வருவது. இரண்டாவது, உறையில்லாத மெல்லிய இழைகளில் விநாடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டாமல் ஊர்ந்து வருவது. இடித்ததும் கை தானாகப் போய் விரலைத் தேய்க்கிறது, வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது. தொடுகைச் செய்தி தண்டுவடத்தில் வலிச் செய்தியை மறிக்கிறது என்று 1965இல் ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் விளக்கினார்கள். தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவு இருக்கிறது, அதைக் கீழிருந்து மட்டுமல்ல, மேலே மூளையிலிருந்தும் திறக்கலாம், மூடலாம் என்பது அவர்களுடைய கருத்து. அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பிற்பாடு மாறின, கதவு என்ற கருத்து நிலைத்துவிட்டது.

மூளைக்கு அந்தக் கதவின்மேல் எவ்வளவு அதிகாரம் என்பதை, அதற்கு முன்பே போர்க்களத்தில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்ஸியோ கடற்கரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் ஹென்றி பீச்சர், படுகாயத்தோடு வந்த வீரர்களிடம் வலி தணிக்க மருந்து வேண்டுமா என்று கேட்டார். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். 1946இல் அதைக் கட்டுரையாக எழுதினார். அவர் குறித்துவைத்த ஒரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: அதே வீரர்கள், ஊசி குத்துகிறவர் இரத்தக்குழாய் கிடைக்காமல் தடவித் தடவிக் குத்தினால் மற்றவர்களைப் போலவே முகம் சுளித்துச் சத்தம் போட்டார்கள். ஆக, உடம்பு மரத்துப்போகவில்லை. குண்டு பாய்ந்த காயம் மட்டும் வாய் திறக்கவில்லை. அந்தக் காயத்துக்கு, உயிரோடு வீடு திரும்பலாம் என்று ஓர் அர்த்தம் இருந்தது. ஊசிக்கு அப்படி எதுவும் இல்லை என்று பீச்சர் நினைத்தார்.

மூளை இந்த அதிகாரத்தைச் செலுத்தும் இடம் 1969இல் அகப்பட்டது. நடுமூளையில் திரவம் ஓடும் ஒரு மெல்லிய வாய்க்காலைச் சுற்றிச் சாம்பல் நிறப் பகுதி ஒன்று உண்டு. ஆய்வாளர் டேவிட் ரெனால்ட்ஸ் எலிகளின் மூளையில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்கமருந்தே தராமல் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தார். எலிகள் துடிக்கவில்லை. அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் தண்டுவடம்வரை இறங்கி, ஏறிவரும் செய்தியை வாசலிலேயே அடக்கிவிடுகின்றன. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின்களைப் பிரித்தெடுத்தார்கள். மார்ஃபின் போய் ஒட்டும் அதே இடங்களில் ஒட்டுகிற, உடம்பே தயாரிக்கிற பொருள்கள் அவை. சண்டையில் வலிக்காததற்கு எல்லோரும் அட்ரினலினைக் கைகாட்டுகிறார்கள். அதற்கும் பங்கு இருக்கலாம். முழுப் பெருமையும் அதற்கே போவது நியாயமில்லை. (கூண்டோரத்தில் அட்ரினலினுக்கு வேறொரு வேலை உண்டு. சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் ஒரு நிமிடத்தில், வெட்டுக்காயம் பார்க்கும் ‘கட்மேன்’ பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்துப் புருவத்து வெட்டில் அழுத்திப் பிடிப்பார். இரத்தக்குழாய் சுருங்கி ஒழுக்கு நிற்கும். வீக்கத்துக்கு, ஐஸில் கிடந்த ஒரு சின்ன உலோகக்கட்டி.)

பூனையைப் பார்த்துவிட்ட எலிக்கு வலியுணர்வு மங்கும். மார்ஃபினை முறிக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்த மங்கல் விலகும். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வலி, அடிபட்ட இடத்தை அசைக்காமல் ஆறவிடு என்கிறது. பூனை எதிரே நிற்கும்போது அந்த அறிவுரையைக் கேட்டால் ஆறவிட எலி மிஞ்சாது. எதிராளியின் முழங்கை முகத்தை நோக்கி வரும்போது, ஜோன்ஸின் மூளையும் கட்டைவிரலின் மனுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது.

ஒதுக்கிவைப்பது வேறு, வலியே இல்லாமல் போவது வேறு. பாகிஸ்தானின் வடபகுதியில் ஒரு சிறுவன், தெருவில் கூட்டம் கூட்டிக் கையில் கத்தியைச் செருகிக் காட்டுவான், எரியும் கங்குகள்மேல் நடப்பான். பிறவியிலேயே அவனுக்கு வலி கிடையாது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அவனுடைய உறவுக்காரக் குடும்பங்களை ஆராய்ந்து, வலி நரம்புகளில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு கால்வாயின் மரபணு பழுதாகியிருப்பதை 2006இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 14 வயது நிறையாமலே அவன் இறந்துவிட்டான். கூரையிலிருந்து குதித்தானாம். வலியே தெரியாதவன் வெல்லமுடியாத சண்டைக்காரன் ஆவான் என்று கற்பனை செய்கிறவர்கள் அவனை நினைத்துக்கொள்ளலாம்.

கலப்புத் தற்காப்புக் கலையில், அதாவது எம்.எம்.ஏ.வில் இருப்பவர்களின் நரம்புகள் நம்முடையவை போன்றவைதாம். 1966இல் ரயன், கோவாசிக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு குரூரமான, எளிமையான சோதனை செய்தார்கள். கால்பந்து ஷூவின் அடியில் இருக்கும் குமிழ் ஒன்றைக் கணைக்கால் முன்னெலும்பில் வைத்து, அதன்மேல் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். உடம்போடு உடம்பு மோதும் ஆட்டக்காரர்கள் அதிக அழுத்தம்வரை பொறுத்தார்கள், மோதாத ஆட்டக்காரர்கள் அதைவிடக் குறைவு, விளையாடாதவர்கள் இன்னும் குறைவு. ஆனால் வலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அவர்கள் வெப்பத்தை வைத்துத் தனியே அளந்தபோது, மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விளையாட்டு வீரர்களிடம் பிற்பாடு நடந்த பல ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே காட்டுகின்றன: தொடங்கும் இடத்தைவிடத் தாங்கும் அளவில்தான் தெளிவான வேறுபாடு. பயிற்சியில் நரம்பு செத்துவிடும் என்று ஜிம்களில் சொல்வதை நான் நம்பமாட்டேன். எலும்பு கொஞ்சம் கெட்டிப்படுகிறது. மற்றபடி, இந்த வலியால் ஆபத்தில்லை, இதற்குப் பதற வேண்டாம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. நேற்றும் இதே மாதிரி வலித்தது, ஒன்றும் ஆகவில்லையே என்ற பழக்கம் அது.

பழக்கத்துக்கும் எல்லை இருக்கிறது. விலாவுக்குக் கீழே வலப்புறம் ஈரலில் சரியாக ஓர் அடி விழுந்தால், ஓரிரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு ஆள் மடிந்து உட்கார்ந்துவிடுவார். நினைவு தெளிவாக இருக்கும், எழ வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும், கால் கேட்காது. ஈரலின் உறையில் உள்ள நரம்புகளும், அடியின் அதிர்ச்சியில் சட்டென்று இறங்கும் இரத்த அழுத்தமும் சேர்ந்து செய்கிற வேலை இது என்பது மருத்துவர்கள் சொல்லும் விளக்கம். கெண்டைக்கால் உதை இன்னும் விசித்திரம். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் அடி விழுந்தால் பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிவிடும். 2020 ஆகஸ்டில் ஷான் ஓமாலிக்கு மார்லன் வேராவுடன் நடந்த சண்டையில் அப்படித்தான் ஆனது. வலியைப் பொறுத்து என்ன பயன்? காலுக்குப் போகும் கட்டளையே அறுந்திருக்கிறது. சில சமயம் அடக்கும் ஏற்பாடும் கைகொடுப்பதில்லை. 2013 டிசம்பரில் ஆண்டர்சன் சில்வா விட்ட உதையை கிறிஸ் வைட்மன் முழங்காலால் தடுத்தார். சில்வாவின் கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் முறிந்தன, அவர் அலறித் தரையில் உருண்டார். 2021 ஏப்ரலில் அதே வைட்மன், யுரையா ஹால்மீது விட்ட முதல் உதையிலேயே 17 விநாடியில் தன் காலை அதே மாதிரி முறித்துக்கொண்டார். கதாசிரியன் எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டோம்.

இவ்வளவு வலிகளைப் பற்றிப் பேசியாயிற்று. இந்த ஆட்டத்தில் மிகப் பெரிய சேதம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மூளைத் திசுவில் வலியுணரும் நரம்பு நுனிகள் கிடையாது. தாடையில் விழும் குத்து தலையைத் திருகும்போது மூளைக்குள் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. அதைப் புகார் செய்ய அங்கே யாருமில்லை. மயங்கி விழுந்தவர் எழுந்ததும் என்ன நடந்தது என்றுதான் கேட்பார், எங்கே வலிக்கிறது என்பது பிறகுதான். பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றும் பிடியும் இதே ரகம். சரியாக விழுந்தால் கழுத்தின் இருபக்கத் தமனிகளும் அழுந்தி, சுமார் 10 விநாடிக்குள் நினைவு போய்விடும், அதிக வலியில்லாமல். கிளீவ்லாந்து கிளினிக் 2011 முதல் லாஸ் வேகஸில் தொழில்முறைச் சண்டை வீரர்களின் மூளையை ஆண்டுதோறும் பரிசோதித்துவருகிறது. அதிகச் சண்டை போட்டவர்களின் மூளையில் சில பகுதிகளின் கனஅளவு குறைந்திருப்பதை அந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தக் குறைவு எந்த இரவிலும் வலித்திருக்காது.

ஆகையால், வீரரின் உணர்வை நம்பி இந்த ஆட்டத்தை நடத்த முடியாது. விதிகளும் நம்புவதில்லை. கையால் தட்டினால் தோல்வி. வாயால் சொன்னாலும் தோல்வி. வலியில் அலறினால் அதுவும் தோல்வியை ஒப்புக்கொண்டதாகவே கணக்கு, நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று பிறகு வாதாட முடியாது. தட்ட மறுப்பவர்கள் இருக்கிறார்கள். 2011 டிசம்பரில், டொரண்டோவில், அதே ஃப்ராங்க் மிர் அந்தோனியோ நொகேராவின் கையைக் கிமுரா பிடியில் முதுகுப்புறம் திருகினார்; மேல்கை எலும்பு முறியும்வரை நொகேரா தட்டவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நடுவர், கூண்டோர மருத்துவர், மூலையில் நிற்கும் பயிற்சியாளர் என்று மூன்று அடுக்கு.

மூன்றும் தவறலாம். 2020 மே 13, ஜாக்சன்வில், கொரோனாவால் பார்வையாளர் இல்லாத அரங்கம். க்ளோவர் டெய்ஷேராவிடம் அடிபட்டு மூலைக்கு வந்த அந்தோனி ஸ்மித், தன் பற்கள் விழுகின்றன என்று பயிற்சியாளரிடம் சொன்னது ஆளில்லாத அரங்கத்தில் தெளிவாகக் கேட்டது. ஒரு பல்லை நடுவரிடமே கொடுத்தார். ஆனாலும் ஐந்தாம் சுற்றுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் நடுவர் நிறுத்தினார். பயிற்சியாளரை ஊரே திட்டியது. ஸ்மித் தன் மூலையை விட்டுக்கொடுக்கவில்லை. விசுவாசம் பெரியதுதான். ஆனால் கதவு மூடிய மூளையிடம் கருத்துக் கேட்டு முடிவெடுப்பது சரியில்லை என்பது என் கட்சி.

சண்டை முடிந்து உடம்பு அடங்கியதும் மூளை கதவைத் திறந்துவிடும், அதுவரை காத்திருந்த வலியெல்லாம் வரிசையாக வரும். அதற்குள், சண்டைகளைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்தின் மருத்துவர் தன் தாளை எழுதிவிடுவார்: இன்னாருக்குக் கை எக்ஸ்ரே சரியாக இருந்தால் முன்னதாக அனுமதி, இல்லாவிட்டால் 180 நாள் தடை, இன்னாருக்குத் தலையில் அடி, இத்தனை நாள் பயிற்சியிலும் மோதக்கூடாது. வீரருக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எழுத அந்தத் தாளில் இடம் தேவைப்படுவதில்லை.